ஈரத்துணி துடைத்த நெற்றி

காலை ஆறேகால். குட்டி இப்போதுதான் கண் அசந்திருக்கிறாள். எழுப்ப வேண்டாம்.

நான் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன். இன்று நீங்கள் லீவு போடுங்கள். அவளைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். நேற்று நடந்ததையும் சேர்த்து அங்கே மிஸ்ஸுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன்.

எழுந்ததும் அக்குளில் வைத்துப் பாருங்கள். தெர்மாமீட்டர் ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது. பீப் சத்தம் வரும்வரை அவள் கையை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு டாக்டர் வருவார். எங்கே வைத்து எடுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்.

நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்க்கும் அந்தத் துப்பாக்கி இனி என் கண்ணில் படக் கூடாது. ராத்திரி அதில் தொண்ணூற்றெட்டு, அக்குளில் நூற்றிரண்டு. "நெத்திதான் கரெக்ட்" என்று சாதித்தீர்கள். ஈரத்துணி போட்டு எடுத்த நெற்றி வேறென்ன காட்டும்? விவரம் தெரியாமல் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். நன்றாகத் தெரிந்தே செய்திருக்கிறீர்கள். ஒரு மீட்டிங்குக்காக. சீ. நீங்கள் குடித்துவைத்த டம்ளரைத் தொடக்கூட மனம் வரவில்லை. சிங்க்கில் அப்படியே கிடக்கிறது.

பி.கு. வெந்நீர் ஃபிளாஸ்கில் இருக்கிறது. சாவி செருப்பு ஸ்டாண்டில்.

இன்னொன்று. விடியற்காலையில் அவள் என்னிடம் கேட்டது இது. எழுந்ததும் உங்களிடமும் கேட்பாள்.

"காப்பக வாசல்ல அப்பா ஈரத்துணியால நெத்தியைத் துடைச்சுவிட்டாரும்மா. மிஸ் துப்பாக்கி வெச்சாங்க, பச்சை லைட் வந்துச்சு. நான் ஜெயிச்சிட்டேன்ல?"