முப்பத்தொரு மணி நேரம்

அக்கா,

"ரொம்ப தூரம்டா, ரெண்டு நாள் ஆகும்"னு என்கிட்டயே கதை விடாத! ஃப்ளைட் பத்தி ஃபோன்லயே தோண்டித் தோண்டிக் கத்துக்கிட்டவன் நான். உன் ஊருக்கும் நம்ம ஊருக்கும் நேர்கோட்டுல 9,380 கிலோமீட்டர். பறக்கறது பதிமூணே மணி நேரம். மிச்சம் பதினெட்டும் ரெண்டு ஏர்போர்ட்ல உக்காந்திருக்கறதுதான்.

போன வாரம் நீ இங்க வந்து இறங்கற கடைசி ஃப்ளைட்டோட நம்பர் அனுப்பினியே, நான் என்ன பண்ணித் தொலைச்சேன் தெரியுமா? ஆஸ்பத்திரில அப்பா கட்டில்ல உக்காந்து, மேப்ல நகர்ற அந்தக் குட்டி மஞ்ச ஃப்ளைட்டைக் காட்டி, "இப்ப கடல் மேல வரா"ன்னேன். ஆறு வருஷமா உன் பேச்சையே எடுக்காத மனுஷன், "சாப்பிட்டாளாமா?"ன்னாரு! ஷேவ் பண்ணிக்கிட்டாரு. ஃப்ளைட் இறங்குச்சு. நீ அதுல இல்ல. கேட்டா, "அங்க ஏர்போர்ட் வரைக்கும் போனேன்டா, அப்பாவை நினைச்சுப் பயந்து திரும்பிட்டேன்"ங்கற.

அந்த நம்பர்ல தினமும் ஒரு ஃப்ளைட் வருது. நீ இல்லன்னு தெரிஞ்சும் அப்பா தினமும் என் ஃபோனைப் பிடுங்கிப் பாக்கறாரு. நேத்து நர்ஸ்கிட்ட, "இது என் பொண்ணு வர்ற ஃப்ளைட்"னு காட்டினாரு. நான் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். புதன் காலைல கிளம்பினா வியாழன் சாயங்காலம் இங்க இருப்ப. மறுபடி திரும்பிப் போகத் தோணினா உடனே எனக்கு ஃபோன் போடு. திட்டிக்கிட்டே ஏத்தி விடறேன்.

உன் கூடப்பொறந்த ஏழரை