மக்குவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது

அன்பு மகள் மோரீனுக்கு, அப்பா நலம், இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் பெர்த் வெயிலில் வதங்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான், நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு எல்சி எழுதுகிறாள், இதில் பிழை இருந்தால் அவளுடையது, பொய் இருந்தால் என்னுடையது.

போன ஞாயிறு போனில், "அப்பா, அந்த ஈர வீட்டுல நீங்க மோல்டர் ஆயிட்டு இருக்கீங்க, வித்துட்டு நவம்பர்ல இங்க வந்துடுங்க" என்றாய். வருவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், முதலில் அந்த வார்த்தை. மீன் அழுகும், பால் திரியும், இரும்பு துருப்பிடிக்கும், நம் பாதிரியாரின் பிரசங்கம் ஊசிப்போகும், இதெல்லாம் மோல்டர் இல்லை. இலைக் குவியல் ஈரத்தில் கிடந்து, யாரும் தொடாமல், நாற்றமும் இல்லாமல், நிதானமாகக் கறுத்துப் பொடியாகி மண்ணோடு சேருகிறதே, அதுதான் மோல்டர். இங்கே வெங்காயத்தாளுக்கு அண்ணனான லீக்கை வளர்க்கும் எவனைக் கேட்டாலும் அதை மரியாதையான வார்த்தை என்பான்.

பெரிய வேலைநிறுத்தம் தோற்று, பேண்டு வாசித்துக்கொண்டு நாங்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்குத் திரும்பிய வருஷம், நீ கல்யாணமாகி விமானம் ஏறிய வருஷம், அந்த வசந்தத்தில்தான் எல்சியின் புருஷன் வில்ஃப் செத்தான். என்னை எரித்து லீக் பாத்தியில் போடுங்கள், செப்டம்பர் லீக் போட்டியில் நான் ஜெயிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனான். அது வில்ஃப், நார்மன், நான் மூவரும் சேர்ந்து வைத்திருந்த பாத்தி. நார்மன் "ஒரு கைப்பிடி போதும்மா" என்றான். எல்சியோ "உயிரோட இருந்தப்ப அந்த மனுஷன் எதையும் அரைகுறையா செஞ்சதில்ல, மொத்தமா கவுத்துடுறேன்" என்று சாம்பல் ஜாடி முழுவதையும் கவிழ்த்தாள். (இதை எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள், டீ போட்டுக் கொடுத்து எழுத வைத்தேன்.) நாற்று மொத்தமும் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. போட்டியன்று எங்கள் மேசை காலி. "செத்தும் நம்மள ஜெயிக்க விடமாட்டேங்குறான் பாரு படுபாவி" என்று நார்மன் சொல்ல, துக்க உடுப்பில் இருந்த எல்சி சிரித்த சிரிப்பில் நடுவர் எழுந்து வெளியே போனார். வண்டி வண்டியாய் இலைமக்கு கொட்டி, இரண்டு குளிர்காலம் காத்திருந்த பிறகுதான் அந்த மண் தேறியது.

அதனால் சொல்கிறேன், சாம்பல் மக்காது. என்னை எரிக்காதே, பளபள பெட்டியும் வேண்டாம், பிரம்புப் பெட்டியில் வைத்து இங்கே அம்மாவுக்குப் பக்கத்தில் புதை, அப்போது ஒழுங்காக மோல்டர் ஆகிறேன். இப்போது அதற்கு நேரமில்லை, பாத்தியில் வேலை கிடக்கிறது.

நீங்கள் எல்லாரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கவேண்டும். சின்னவனைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. நவம்பருக்கு டிக்கெட் எடுக்காதே, கோபித்தாலும் சரி. அந்தக் காலி மேசையைச் சுற்றி நின்று சிரித்தவர்களில் நார்மன் போன குளிரில் போய்விட்டான். நானும் கிளம்பிவிட்டால் வில்ஃபைத் திட்டுவதற்குத் துணையில்லாமல் இங்கே உட்கார்ந்திருக்கப் போகிறவள் ஒருத்திதான், எல்சி.

இப்படிக்கு உன் அப்பா,
கத்பர்ட்