அச்சு முறுக்கு அச்சில் ஓர் ஊதாப் பூ

மாமா,

நேற்று பாங்கில் மானம் போயிற்று. பென்ஷன்காரன் உயிரோடுதான் இருக்கிறான் என்று வருஷத்துக்கு ஒருமுறை போய் முகத்தைக் காட்ட வேண்டுமே, அதற்குப் போனேன். கை நடுக்கத்தில் கையெழுத்து கோணிக்கொண்டது. கவுன்ட்டரில் இருந்த பெண் தெலுங்கில் பரிவாக ஏதோ சொல்லி, ஸ்டாம்ப் பேடை என் பக்கம் தள்ளினாள். கட்டைவிரலை வைத்தேன். அப்புறம் மூக்கு அரித்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்க, ‘பரவாயில்லை, வயசுக்கு மரியாதை இருக்கிறது’ என்று நானும் தலையாட்டிக்கொண்டே வெளியே வந்தேன். வீட்டுக் கண்ணாடியில்தான் தெரிந்தது, மூக்கு நுனி ஊதா.

உங்கள் மகள் சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. எனக்கோ அந்த மை வாடை விரலை விட்டுப் போகவில்லை. மோந்து பார்த்தபடியே உட்கார்ந்தேன். அன்றைக்குப் போலவே நீங்கள் குடையும் கையுமாக வாசலில் வந்து நின்றீர்கள், நினைவில்.

நாங்கள் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டபோது, உங்கள் போலாரம் வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்தவை இரண்டுதான்: கட்டியிருந்த புடவை, காலமான அத்தையின் அச்சு முறுக்கு அச்சு. நானோ இந்துப் பையன், அதிலும் இரண்டாம் தடவையில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஸ்டோர் கிளார்க். நீங்கள் கதவைச் சாத்தியதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆச்சரியம் இல்லை. என் அப்பாவும் வேலூரிலிருந்து ஒரே ஒரு கார்டு போட்டார், இனி எழுத வேண்டாம் என்று. அவர் சொன்ன சொல் தவறாதவர்.

நான்கு கிறிஸ்மஸ் போயிற்று. பாப்பா பிறந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள். “அப்பாவைப் போய்ப் பார்த்துட்டு வரலாமே” என்றால் உங்கள் மகள், “அவுக வரட்டும்” என்பாள். உங்கள் ரத்தம்தானே.

ஐந்தாவது டிசம்பரில், அவளும் பாப்பாவும் சர்ச்சுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஓவியன் ஆனேன். கெட்டிக் காகிதம், ஊதா ஸ்டாம்ப் பேடு, சிவப்பு மை, பச்சை மை எல்லாம் ஆபீஸ் உபயம். பச்சை மை அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது. கையெழுத்துப் போடக் கொடுத்துவைக்காத மையில் நான் இலை போட்டேன், கட்டைவிரலால். பென்சில் முனை ரப்பரைச் சிவப்பில் தொட்டுச் சின்னச் சின்னப் பழங்கள். பூவுக்கு எங்கே போவேன்? அடுப்படி ஆணியில் அச்சு தொங்கியது. நீண்ட கம்பி, அதன் நுனியில் எட்டு இதழில் இரும்புப் பூ. எண்ணெய்ப் பிசுக்கில் மை ஒட்டவில்லை. சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். பிறகு பேடில் அழுத்திக் காகிதத்தில் வைத்தேன். ஊதாப் பூ. கிறிஸ்மஸ் பூ சிவப்பாக இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? காயுமுன் மடித்ததில் எதிர்ப்பக்கத்திலும் அதே பூ மங்கலாக விழுந்தது. ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளே ‘கிறிஸ்மஸ் வாழ்த்துகள்’. கீழே பேர் எழுதத் தைரியம் வரவில்லை. உங்கள் விலாசத்துக்குத் தபாலில் போட்டேன்.

நான்கு நாள் கழித்து அவள் எண்ணெய் காயவைத்தாள். அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டால் முறுக்கு கழன்று மிதக்க வேண்டும். கழலவே இல்லை. கத்தியால் சுரண்டினாள். வந்த துண்டுகளும் ஊதா.

“அச்ச என்ன செஞ்சிய? ஏன் முழிக்கிய?”

“கொஞ்சம்... கழுவினேன்.”

“எங்கம்மா போனப்புறம் எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நீங்கள். போலாரத்திலிருந்து பட்டான்செரு பக்கத்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எத்தனை பஸ் மாறினீர்களோ, வேர்த்து வழிந்தது. ஒரு கையில் குடை, மறு கையில் என் அட்டை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினீர்கள்.

“எவம்லே எம் பொண்டாட்டி அச்ச மையில முக்குனது?”

எட்டு இதழில் ஒன்று உள்ளே மடங்கியிருப்பதை, நான்கு வருஷம் அந்த அச்சில் சுட்ட முறுக்கைத் தின்ற நான் கவனித்ததில்லை. நீங்கள் உறையைப் பிரித்ததுமே கண்டுகொண்டீர்கள்.

“நான்தான் மாமா.”

“கழுவுனீரா?”

“சோப்புப் போட்டு.”

“சோப்பா! ஏம்வே, உமக்கு வேல குடுத்தவன் யாரு?”

காப்பி கொண்டுவரப் போனவளை, “காப்பி நக்கோ, அச்சக் கொண்டா” என்று ஊர் உருது கலந்து தடுத்தீர்கள். அடுப்பு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, காய்ந்த எண்ணெயில் அச்சை முக்கி, ஆறவிட்டு, மறுபடி காயவைத்து... சோப்பில் போன எண்ணெய்ப் பதம் திரும்ப ஏற, மத்தியானம் வரை அதே வேலை. அத்தை இருந்தவரை கிறிஸ்மஸுக்கு அந்தக் கம்பியைப் பிடித்தது நீங்கள்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாப்பா கதவோரம் நின்று, “மீரு எவரு?” என்று தெலுங்கில் யாரென்று கேட்டாள்.

“உங்கம்மைக்கு அப்பன்” என்றீர்கள், திரும்பாமலே.

அப்புறம் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். “இந்த எதழு, இவ ஏழு வயசுல கீழ போட்டு மடங்குனது. அவ அம்மை ஒண்ணும் சொல்லல. நான்தான் அடிச்சேன்.”

“எனக்கு ஞாபகமில்லப்பா.”

“எனக்கு இருக்கு.”

இரண்டு முறுக்கு ஒட்டிக்கொண்டன. மூன்றாவது தானாகக் கழன்று மிதந்தது, ஓரம் கொஞ்சம் ஊதாவாக. பாப்பா அதைத் தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள். அம்மாடி, நீங்கள் சிரிப்பீர்கள் என்றே நான் நினைத்ததில்லை.

அதன் பிறகு கிறிஸ்மஸ் எல்லாம் போலாரத்தில்தான். கூடத்தில் கட்டிய நூலில் மினுக்கும் அச்சடித்த அட்டைகள், நடுவே என் ஊதாப் பூ. கேரல் பாட வந்தவர்கள் கேட்டால், “எம் மருமவன் செஞ்சது. சோப்புப் போட்டுக் கழுவி” என்பீர்கள். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். என்னைப் பெற்றவர் என்னைப் பற்றி யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை.

இப்போதும் டிசம்பர் வந்தால் அட்டை செய்கிறேன். உருளைக்கிழங்கை வெட்டித்தான். அச்சைத் தொட்டால் உங்கள் மகள் கையை ஒடித்துவிடுவாள்.

உங்கள் கடைசி டிசம்பரில், வெயிலுக்காக வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தோம். அவள் உள்ளே இருந்தாள். நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்: “அந்த அட்ட... அவ சொல்லித்தானவே அனுப்புனீரு?”

“ஆமா மாமா. அவதான் சொன்னா.”

“ஹவ்... ஆமா, எனக்குத் தெரியும்” என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். முகம் அப்படித் தெளிந்திருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவள் சொல்லவில்லை மாமா. நீங்கள் வந்து நிற்கும்வரை அவளுக்கு அது தெரியவே தெரியாது. அவளுக்காக அனுப்பினேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் பாதிதான் நிஜம். கோபக்காரரோ என்னவோ, அவளுக்குப் போலாரத்தில் ஓர் அப்பா இருந்தார். வந்து திட்டுவதற்காவது எனக்கு ஒருவர் வேண்டியிருந்தது.