புதன்கிழமைக் கார்த் தரிப்பிடம்

ஒக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து மழை. மேப்பிள் இலைகள் வாசற்படியில் ஒட்டிக் கிடக்கின்றன. வழுக்கும். கூட்டவேண்டும்.

தபாலில் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கார்த் தரிப்பிடத்தை நடத்தும் தனியார் கொம்பனி அனுப்பியவை. இது கடன் அறவிடுகிறவர்களிடமிருந்து. ஓகஸ்ட், செப்டெம்பரில் ஐந்து புதன்கிழமைகள் என் கார் அனுமதியில்லாமல் நின்றதாம். நானூற்றுச் சொச்சம் டொலர். தடித்த எழுத்தில் ‘இறுதி அறிவித்தல்’. உள்ளே என்னைக் ‘கடனாளி’ என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். எழுபத்தெட்டு வயதில் இந்தப் பட்டம்.

புதன்கிழமைகளில் முதியோர் சங்கம். நான் செயலாளர். மாத வாடகை கட்டி மண்டபம் எடுத்திருக்கிறோம். அங்கே கார் விட எங்களுக்கு உரிமை இல்லையா?

வதனிக்குத் தெரியக்கூடாது. ஓகஸ்டில் கராஜ் கதவில் உரசினதிலிருந்து மகளுக்கு என் கார்த் திறப்பில் கண். இந்தக் கடிதம் ஒன்று போதும், திறப்பை வாங்கிவிடுவாள், காரை எடுக்கமுடியாது. பிறகு பூசைக்கு, கண் வைத்தியரிடம், சங்கத்துக்கு, எல்லாவற்றுக்கும் அவளுடைய ஓய்வு நாளைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

மூன்றையும் குளிர்காலச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

செய்ய: இலை. சாறிச் சட்டை, தையற்காரியிடம். முத்திரை.

7, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. ஒன்பது மணிக்குக் கடிதத்திலிருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் பாட்டு. பிறகு ஒருவன் வந்தான். எடுத்த எடுப்பில் ‘றோசலின்’. திருமதி சவிரிமுத்து என்று சொல்லும்படி கேட்டேன். சரி என்றான். அடுத்த வசனத்தில் மறுபடி றோசலின்.

காரை ஓட்டியது நீங்கள்தானா என்றான். ஆம், வேறு யார்? என் கணவர் போய் ஆறு வருடம். அவன் எதையோ தட்டெழுதும் சத்தம். கட்டாவிட்டால் கடன் வாங்கும் தகுதி குறைந்துவிடும் என்றான். குறையட்டும், நான் யாரிடமும் கடன் கேட்டுப் போகிறவள் அல்ல என்றேன். போனை வைத்தேன்.

பின்னேரம் ஆங்கிலத்தில் மறுப்புக் கடிதம். முதல் பிரதியில் கோபம் கூட. இரண்டாவதில் ‘தயவுசெய்து’ மூன்று தரம் வந்துவிட்டது, கிழித்தேன். கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் மதர் சொல்லித்தந்தபடி மூன்றாவது ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. அனுப்பவில்லை.

வ. சாப்பாட்டு மேசையில்: “ஏன் அம்மா உலாத்திக்கொண்டே இருக்கிறியள்? இருந்து சாப்பிடுங்கோ.”

மூட்டுக்கு நல்லது என்றேன்.

8, புதன்

வெயில். பலத்த காற்று. சங்கம்.

மண்டப வாசலில் தரிப்பிடக் கொம்பனி பூட்டிய சின்னத் திரை. வருகிறவர்கள் கார் இலக்கத்தை அதில் பதியவேண்டும். அதற்கு மேலே ஒரு தாள்: ‘சங்க அங்கத்தவர்கள் இதில் எதையும் பதியத் தேவையில்லை. இப்படிக்கு, செயலாளர்.’ ஜூனில் நானே எழுதி ஒட்டியது. வாடகை கட்டுகிறவர்கள் ஏன் வாசலில் நின்று இலக்கம் கொடுக்கவேண்டும் என்று கூட்டத்தில் கேட்டதும் நான்தான். கை தட்டினார்கள்.

கட்டட முகாமையாளர் குகனைப் பிடித்தேன். “அன்ரி, நான் ஜூனிலேயே ஈமெயில் போட்டனான், பதியாட்டி ரிக்கற் வரும் எண்டு. நீங்கள் என்ர இங்கிலீஷைத் திருத்தித் திருப்பி அனுப்பினீங்கள்.”

அது உண்மை.

“சங்க ஆக்கள் எண்டு காட்டினால் கான்சல் பண்ணுவினம். ஆராருக்கு வந்தது எண்டு பேரும் கார் நம்பரும் ஒரே லெட்டராத் தாங்கோ. அடுத்த வெள்ளிக்குள்ள. கட்டினவைக்கு மட்டும் திரும்பி வராது.”

“எனக்கு மட்டும்தான் தம்பி வந்திருக்கு.”

“அப்பிடியே அன்ரி?” என்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

தாளைக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்தேன். உள்ளே கரம்போர்ட், தேநீர், பிரஷர் மாத்திரைக் கதை. கடிதம் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. ஞானம் அக்கா மூன்று புதனாகச் சங்கத்துக்கு வரவில்லை. முழங்கால் என்கிறார்கள்.

10, வெள்ளி

ஞானம் அக்காவின் அப்பார்ட்மென்ற். ஒன்பதாம் மாடி. லிஃப்ட் ஒன்றுதான் வேலை.

“முழங்கால் எப்பிடி அக்கா?”

“முழங்காலுக்கு ஒண்டுமில்லை.” கதவைச் சாத்திவிட்டு வந்துதான் மிச்சம் சொன்னார். “ஒரு கடிதம் வந்தது பிள்ளை. கடன்காறரிட்டை இருந்து. எங்கையோ பிழையான இடத்திலை விட்டிட்டன் போலை. மடு மாதா கோயிலுக்குப் போக எண்டு சேர்த்த காசிலை கட்டிப்போட்டன். இனிக் காரே வேண்டாம் எண்டு மகனிட்டைத் திறப்பையும் குடுத்திட்டன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். வெக்கக்கேடு.”

அது என் தாளால் வந்த வினை என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. இரண்டு கட்லட் சாப்பிட்டேன், தேத்தண்ணி குடித்தேன், வந்துவிட்டேன்.

13, திங்கள்

நன்றி நவிலும் நாள். வ. வான்கோழி வாட்டினாள். உப்புக் குறைவு. சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் வழி இரண்டு.

1. என்னுடையதை மணியோடரில் கட்டிவிடுவது. யாருக்கும் தெரியாது.
2. புதன் கூட்டத்தில் எழும்பி, வேறு யாருக்குக் கடிதம் வந்தது என்று கேட்பது. கூட்டம் கலையுமுன் வ.வுக்குத் தெரிந்துவிடும். பொருளாளர் சிற்றம்பலம் மாஸ்டரின் மகளும் இவளும் ஒஷாவா ஆஸ்பத்திரியில் ஒரே வார்ட்டில் வேலை.

14, செவ்வாய்

தபாற்கந்தோர். மணியோடருக்கு வரிசையில் நின்றேன். முன்னால் ஒருவர் இருக்கும்போது திரும்பி வந்துவிட்டேன். முத்திரை வாங்கவும் மறந்து போயிற்று.

15, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

நிகழ்ச்சி நிரலில் கிறிஸ்மஸ் ஒளிவிழாச் சாப்பாடுதான் முதல். அதற்கு முன் எழும்பினேன். “வாசலிலை நம்பர் பதிய வேண்டாம் எண்டு உங்களுக்குச் சொன்னது நான். அது பிழை. எனக்கு மூண்டு கடிதம் வந்திருக்கு. வேறை ஆருக்கும் வந்ததோ?”

  முதலில் சிற்றம்பலம் மாஸ்டர். ஏழு வருடமாக என்னோடு எதிலும் ஒத்துப்போகாதவர். கோட்டின் உள் பொக்கற்றிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார்.

“மனுசிக்குத் தெரியாமல் கொண்டு திரியிறன்.”

பக்கத்தில் அவர் மனைவி: “உங்கடை கோட்டைக் கழுவக் குடுக்கிறது ஆர் எண்டு நினைச்சியள்?”

சிரிப்பு. அதோடு கைகள் உயர்ந்தன. பதினொருவர். பெயரும் கார் இலக்கமும் எழுதினேன். ஏற்கனவே கட்டிவிட்ட ஒருவருக்குக் காசு திரும்பி வராது, அதை நான் கொடுப்பேன் என்று பெயர் சொல்லாமல் சொன்னேன். சங்க நிதியிலிருந்து கொடுக்கலாம் என்றார் மாஸ்டர். பிழை விட்டது சங்கம் இல்லை என்றேன்.

“இதிலையாவது உங்களோடை ஒத்துப்போறன்” என்றார்.

கடிதம் குகன் கையில். ஒரு கிழமை பொறுக்கட்டாம்.

வீட்டுக்கு வந்ததும் ஞானம் அக்காவுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். 

“அப்ப நான் ஒரு பிழையும் விடேல்லையே?”

“இல்லை அக்கா. நான்தான்.”

“குடுத்த திறப்பை இனி நான் எப்பிடி மகனிட்டைத் திருப்பிக் கேக்கிறது? நீர் சொல்லும்.”

 நாளைக்கு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

4.50. வ.விடமிருந்து செய்தி: ‘அம்மா, வந்து கதைக்கிறன்.’ மாஸ்டரின் மகள் சுணங்கவில்லை.

கடிதங்கள் மூன்றும் சாப்பாட்டு மேசையில், திகதி ஒழுங்கில். திறப்பு என் கைப்பையில். அதை நானாக எடுத்து வைக்கப்போவதில்லை. கேட்டால் பார்க்கலாம்.

வாசலில் அவளுடைய கார் வந்து நிற்கிறது.