தண்ணீர் மாத்திரையும் கம்ப்யூட்டர் இதயமும்

கிழக்கு தாம்பரம்
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்துக் கேள்வி கேட்டுவிடுகிறாய், அதுவும் என்னிடமில்லை, அப்பாவிடம். அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

போன மாதம் டாக்டர் ராஜாராமன் என் ஸ்கேனையும் ஈசிஜியையும் வைத்து, கம்ப்யூட்டருக்குள் என் இதயம் மாதிரியே ஒன்றைச் செய்யச் சொன்னார் அல்லவா. என் இதயம் பலவீனமாகிவிட்டது, மூன்று ஒயர் பேஸ்மேக்கர் வைத்தால் பலன் இருக்குமா என்று முதலில் அதில் வைத்துப் பார்ப்பார்களாம். பார்த்தார்கள். ஆனால் உடம்பு நீர் சிறுநீராகப் பிரிய நான் சாப்பிடும் தண்ணீர் மாத்திரைக்கு என் காலில் இவ்வளவு நீர் கோத்திருக்கவே கூடாது என்று அது சொல்லிவிட்டது. மூன்று வாரம் எல்லாருக்கும் இதே பேச்சு. கம்ப்யூட்டர்தான் தப்பு என்று நீ டொரன்டோவிலிருந்து மெயில் போட்டாய். மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்றார் டாக்டர். "பியூலா ஒரு வேளைகூட தவறினதில்ல சார், நானே எடுத்துக் குடுக்கறேன்" என்று அப்பா மாத்திரை டப்பாவையே மேஜைமேல் வைத்தார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், வீங்கின காலோடு. ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை.

கடைசியில் அந்தக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண் விஷ்ணுப்ரியாதான், அப்பா வெளியே போன நேரம் பார்த்து, "ஆன்ட்டி, தண்ணி மாத்திரை போட்டுட்டு எப்படி வேலைக்குப் போறீங்க?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போடறதே இல்லம்மா என்றேன். போட்டால் அரை மணிக்கு ஒருதரம் போகவேண்டும், கூடுவாஞ்சேரி போகிற மின்சார ரயிலில் ஏது பாத்ரூம்? நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலோ ஆபீஸ் இரண்டாம் மாடி, பாத்ரூம் கீழே, நாலு படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. ஒருநாள் வண்டலூர் தாண்டியதும் அடக்க முடியாமல் புடவை நனைந்துவிட்டது. இறங்கி, பையால் மறைத்துக்கொண்டு, கூட்டம் கலையும்வரை பிளாட்பாரத்தில் நின்றேன். அன்றிலிருந்து வேலை நாளெல்லாம் அந்த மாத்திரை வாஷ்பேசினுக்குத்தான் போயிற்று. நீயும் அதே ரயிலில் நாலு வருஷம் காலேஜ் போனவள்தானே ஜெனி, உனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

மறைத்தது என் தப்புதான். டாக்டர் நன்றாகத் திட்டினார், வேண்டாத ஆபரேஷன் வரைக்கும் போயிருப்போமே என்றார். பிறகு மாத்திரையைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபின் போடச் சொன்னார். பன்னிரண்டு நாளில் மூன்று கிலோ இறங்கிவிட்டது, கால் செருப்புக்குள் நுழைகிறது. பேஸ்மேக்கர் இப்போது வேண்டாம், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அப்பாதான் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, "என்கிட்ட சொல்றதுக்கு என்ன வந்துச்சு?" என்கிறார். என்னத்தைச் சொல்ல, தினமும் மாத்திரை போட்டியா என்றுதான் கேட்டாரே தவிர, உனக்கு எப்படி இருக்கு என்று கேட்டதில்லை.

ரிப்போர்ட்டெல்லாம் உன் மெயிலுக்குத்தான் வருகிறதாம், எனக்கும் அனுப்பு. ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாபகம் வைத்துக்கொள், அடுத்த வாரம் போன் பண்ணும்போது அப்பாவிடம் கொடுக்கச் சொல்லாதே. என்னிடம் கேள். கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இரு.

உன் அம்மா,
பியூலா ஆஸ்டின்