வெயில் பழகினவன்

மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் போட்டோ ஸ்டுடியோவின் கண்ணாடிக்குள் நீ தொங்குகிறாய். ஒரு பெரிய வெள்ளைக் காரில் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு காலை மடக்கி டயர்மேல் வைத்திருக்கிறாய். வீட்டில் மாட்டுவதற்காக உன் மனைவி செல்வி பெரிதாக்கச் சொன்ன படம். ஸ்டுடியோக்காரர் இன்னொரு பிரதி போட்டு, சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தருவோம் என்பதற்கு மாதிரியாக மாட்டியிருக்கிறார். இன்று காலை பஸ்ஸுக்கு நின்றபோதுதான் பார்த்தேன். உள்ளே போனேன்.

"தெரிஞ்சவருங்களா? அது அவரோட சொந்தக் காருங்களா?" என்று கேட்டார்.

கார் யாருடையது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. துபாயில், டேரா என்கிற கடைத்தெருப் பகுதியில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது தெருவோரம் நின்றிருந்தது. கார்க்காரன் வருவதற்குள் எடுத்துடுடா என்று என்னை அவசரப்படுத்தினாய். கறுப்புக் கண்ணாடி என்னுடையது. சட்டை நம் அறையில் இருந்த ராமநாதபுரத்து அண்ணனுடையது. உன்னுடையது என்று சொல்ல அந்தப் படத்தில் செருப்பு மட்டும்தான் இருந்தது. இதையெல்லாம் ஸ்டுடியோக்காரரிடம் சொல்லவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் போய்விட்டிருந்தது.

ஒன்றரை வருடம் ஒரே அறையில் இருந்தோம். பன்னிரண்டு பேர், ஆறு இரட்டைக் கட்டில். உனக்கு மேல்கட்டில், எனக்குக் கீழ்க்கட்டில். கழிப்பறைக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை, கம்பி வலை அடித்த பஸ்ஸில் ஏற வரிசை. ஊரில் ரேஷன் கடையில் முண்டியடிக்கிற நீ அங்கே சத்தமில்லாமல் வரிசையில் நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். ஆறு நாள் அந்த ஊரைக் கட்டினோம். ஏழாவது நாள் குளித்து, தலை வாரி, அதைப் பார்க்கப் போனோம். பார்க்க மட்டும். பெரிய கடைகளின் வாசலில் நம் சட்டையைப் பார்த்ததுமே காவல்காரன் கையை நீட்டித் தடுப்பான். அவனும் நம்மைப் போல எங்கிருந்தோ கூலிக்கு வந்தவன்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. நம்மை உள்ளே விடாத கடையின் கூரைக்குக் கம்பி கட்டியது நாம்தான் என்பதில்தான் கோபம்.

வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு மாவட்டத்துக்காரனுக்கும் டேராவில் ஒரு இடம் உண்டு. நம்முடையது விழுப்புரம் மூலை. மூடிக்கிடந்த ஒரு கடிகாரக் கடையின் படிக்கட்டு, அதையொட்டி ஒரு விளக்குக் கம்பம், அவ்வளவுதான். ஊரிலிருந்து புதிதாக வந்தவன் அங்கே வந்து நிற்பான். யார் வீட்டில் கல்யாணம், எந்த உப்பளத்தில் மழை புகுந்தது, வானூர் தாலுக்கா ஆபீஸில் எந்த மனு கிடக்கிறது என்று எல்லாமே அந்தப் படிக்கட்டில் தெரிந்துவிடும். உனக்கு மகள் பிறந்த சேதியும் அங்கேதான் வந்தது. அன்றைக்கே போன் கடைக்கு ஓடினாய். திரும்பி வந்து, "மூச்சு விடுற சத்தம் கேக்குதுடா, அவ்ளோ தூரத்துலருந்து" என்றாய். அதற்குப் பிறகு உனக்கு ஒரே பேச்சுதான். அவள் நடக்க ஆரம்பிப்பதற்குள் போய்விட வேண்டும்.

அது நடக்கவில்லை. கடல் ஊருக்குள் ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கூடத்து டிவியில் நம் கரையைக் காட்டினார்கள். மறுநாள் ஆபீஸுக்குப் போய் பாஸ்போர்ட்டைக் கேட்டாய். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அங்கே ஒரு இரும்பு அலமாரியில் இருந்தது. உன் வீட்டில் யாராவது செத்துவிட்டார்களா என்று அங்கிருந்தவன் கேட்டான். இல்லை, பெண்டாட்டி கைக்குழந்தையோடு மேட்டில் கிடக்கிறாள் என்றாய். சாகவில்லை என்றால் லீவு இல்லை என்றான். வெளியே வந்து, "ஒருத்தராவது செத்திருக்கணுமாம்பா" என்று சிரித்தாய். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் உன்னிடம் நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். ஆறு மாதம் ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லாமல் வந்தால் செப்டம்பரில் லீவு. ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. காய்ச்சலும் ஆப்சென்ட்தான். கிளினிக்கில் சீட்டு வாங்கினாலும் ஆப்சென்ட்தான்.

நம்மை வேலைக்கு எடுத்த அன்று ஏஜென்ட் உன்னிடம் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? என்ன வேலை செய்தாய் என்றார். உப்பளம் என்றாய். "அப்ப வெயில் பழகின ஆளு" என்று பெயரை எழுதிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் மரக்காணத்துக்கு மேற்கே பிரம்மதேசத்தான், விவசாயி வீட்டுப் பையன். கிணற்று மேட்டில் நிழல் பார்த்துச் சாப்பிட்டவன். என்னைத் தாங்குவாயா, தாங்குவாயா என்று பத்து முறை கேட்டார்.

வெயில் யாருக்கும் பழகுவதில்லை. ஓடிப்போக முடியாதவன் நிற்கிறான். அவன் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பழகிவிட்டான் என்று சொல்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் கொட்டகை போட வேண்டாம், தண்ணீர்க் குடம் வைக்க வேண்டாம். உப்பள முதலாளி அதைச் சொன்னார், ஏஜென்ட் சொன்னார், கம்பெனி சொன்னது. எங்கள் ஊரில் நாங்களும் சொன்னோம். உங்கள் ஆட்களுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று சின்ன வயதிலிருந்து நானே நம்பியிருக்கிறேன். கேட்டுக் கேட்டு நீயும் நம்பிவிட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன்னிடம் ஒரு கணக்கு இருந்தது. முழங்கையைப் பார்ப்பாய். வேர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நல்ல வெயில், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பூக்காவிட்டால் வெயில் இல்லை. உப்பளத்தில் அது சரிதான். மேல்காற்று வறட்டி அடிக்கிற நாளில்தான் பாத்தியில் உப்பு விளையும், ஆளையும் அடித்துப் போடும். ஈரக் காற்று நாளில் உப்பும் விளையாது, வேலையும் பாதிதான். ஆகஸ்ட் மாதம் அந்த ஊரில் காற்றே வேகவைத்த துணி மாதிரி இருக்கும். வேர்வை காயாது. சட்டையைப் பிழிந்தால் ஊற்றும். நீ கையை நீட்டிக் காட்டி, "பாரு, ஒரு பொட்டு உப்பு இல்ல, இதெல்லாம் ஒரு வெயிலா?" என்பாய். மற்றவர்கள் மூச்சு வாங்கி உட்காரும்போது நீ கம்பி கட்டிக்கொண்டிருப்பாய். காயாத வேர்வைதான் ஆளைக் கொல்லும் என்று பிறகு ஒரு நர்ஸ் எனக்குச் சொன்னாள். உப்பளத்தில் வேலை செய்யாத ஒருவன் அந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டான்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை கடலைத் தொட்டுவிட்டு வரலாம் என்றாய். கடலோரத்து ஊரில் ஒன்றரை வருடம் இருந்தும் நாம் அதில் கால் நனைக்கவில்லை. டேராவிலிருந்து நடந்தோம். இரண்டு மணி நேரம் இருக்கும். கடற்கரை வாசலில் ஒருவன் நிறுத்தி, குடும்பத்தோடு வந்தால்தான் இன்று அனுமதி என்று இந்தியில் சொன்னான். பேமிலி இருக்கிறதா என்று கேட்டான்.

"இருக்குது, மரக்காணத்துல இருக்குது" என்று தமிழிலேயே சொன்னாய்.

அவனுக்குப் புரியவில்லை. நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தோம். ஊர்க் கடல் இதைவிட அழுக்கு, ஆனால் வாசல்காரன் கிடையாது என்றாய். பிறகு திரும்பி நடந்தோம்.

பாதி வழியில் நீ பேச்சை நிறுத்தினாய். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாய். கால் பின்னியது. ஒரு துணிக்கடைக் கதவு திறந்து மூடும்போது வருகிற குளிர்காற்றுக்காக அதன் படியில் உன்னை உட்காரவைத்தேன். உடம்பு கொதித்தது. என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. கடைக்காரன் வெளியே வந்து பார்த்து, விரட்டாமல் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தான். அரை மணி கழித்துத் தெளிந்தாய். தெளிந்ததும் முதல் வேலையாக முழங்கையைத் திருப்பிப் பார்த்தாய்.

"வெயில் இல்லடா. நேத்து அந்த மீன்தான் சேரல."

எனக்குத் தெரிந்துவிட்டது. உன் கணக்கு இங்கே செல்லாது என்று அந்தப் படியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கிளினிக்குக்குப் போகலாம் என்றேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"போனா ஆப்சென்ட்டு. செப்டம்பர் போயிடும். யார்கிட்டயும் வாயத் தொறக்காத. என் பொண்ணு மேல சத்தியம் பண்ணு."

இன்னும் நீ பார்க்காத மகள். செய்துகொடுத்தேன்.

மறுநாள் காலை, வேலைக்கு ஏறுவதற்கு முன் வரிசையில் நின்றோம். போர்மேனுக்குத் தமிழ் தெரியும். நல்லவன், கெட்டவன் என்று சொல்லும்படி எதுவுமில்லாத ஆள். உன் முன்னால் நின்று முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவனுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கான் சார்" என்றேன்.

நீ லேசாக என் காலை மிதித்தாய். நன்றி சொல்கிற மாதிரி. பதினோரு மணிக்கு மேல்தளத்தில் கம்பிமேல் சரிந்தாய். பன்னிரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது.

இதயம் நின்றுவிட்டது என்று காகிதத்தில் எழுதினார்கள். யாருக்குத்தான் நிற்காது? வெயில் என்ற சொல் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. மூன்று வாரம் கழித்து உன் பெட்டி கிளம்பியது. அலமாரியைத் திறந்து உன் பாஸ்போர்ட்டை எடுத்து அதோடு வைத்து அனுப்பினார்கள். செப்டம்பர்தான். சொன்ன மாதத்தில்தான் உன்னை அனுப்பினார்கள். கூட வர எனக்கு முடியவில்லை. என்னுடையது அலமாரிக்குள்ளேயே இருந்தது.

பிப்ரவரியில் வந்தேன். இரண்டு மாதம் உன் வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றினேன். ஒருநாள் வரப்பில் நடந்து செல்வி வேலை செய்கிற பாத்திக்கே போனேன். உப்பைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தாள். வாங்கண்ணா என்றாள். ஹார்ட் அட்டாக் என்றுதானே சொன்னார்கள், முன்னாடி வலி ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். துணிக்கடைப் படியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியத்தைச் சொன்னேன். வரிசையில் போர்மேனிடம் நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"போர்மேன் கேட்டாரா?"

"கேட்டாரும்மா."

"உடம்பு சரியில்லையான்னு?"

"ஆமா."

இன்னும் ஒரு கை உப்பை வாரிக் கூடையில் போட்டாள். பிறகு, "அப்போ கேக்கறதுக்கு ஒரு ஆளு இருந்திருக்காரு" என்றாள்.

நான் ஆப்சென்ட் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அலமாரி, பாஸ்போர்ட், செப்டம்பர், கம்பெனிக்காரனின் அயோக்கியத்தனம். எல்லாம் உண்மை. ஒரு சொல் பொய் இல்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்ண்ணா. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க. நான் எதுனா பேசிடுவேன்."

கூடையைத் தூக்கிவிட எப்போதும் ஒரு கை வேண்டும். நான் குனிந்தேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தூரத்தில் இருந்த ஒருத்தியைக் கூப்பிட்டு, அவள் வரும்வரை கூடைக்குப் பக்கத்தில் நின்றாள். உன் மகளை நான் பார்க்கவில்லை.

உன் வீட்டுக்குப் போக முடியாததால்தான் உனக்கு எழுதுகிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மகளைக் காட்டிச் சத்தியம் கேட்டிருக்கக் கூடாது நீ. கேட்டாலும் நான் அதை மீறியிருக்க வேண்டும். மீறியிருந்தால் செப்டம்பர் போயிருக்கும், நீ ஆறு மாதம் என் முகத்தில் விழித்திருக்க மாட்டாய், மேல்கட்டிலில் இருந்து கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பாய்.

வெளிநாடு போய் வந்தவனை ஊர் ஒரு நாளைக்குப் பத்து முறை விசாரிக்கிறது. டீக்கடையில், பஸ்ஸில், ரேஷன் வரிசையில், "ஏம்பா, நல்லா இருக்கியா?" என்கிறார்கள். சும்மா கேட்கிற கேள்வி. நல்லா இருக்கேன் என்று சும்மா சொல்ல வேண்டிய பதில். என்னால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறேன், இல்லையென்றால் வேறு பேச்சுக்குப் போகிறேன். துபாய் போய் வந்த திமிர் என்று பேசிக்கொள்கிறார்கள். நேற்று சோறு போட்டுவிட்டு அம்மாவும் கேட்டாள். கையைத் தட்டில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.