பச்சைப் பொத்தானில் ஒரு வாரியல்

10 ஜூன், செவ்வாய்

மதியத்திலிருந்து மழை. குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை. ஹாலில் குறுக்கே கயிறு கட்டிப் போட்டிருக்கிறது, குனிந்துதான் நடமாட்டம்.

செய்ய வேண்டியது: சக்கை (பலா) வற்றல் பொரிக்க (மாமி). நெய்மீன் ஊறுகாய்க்கு நல்ல மூடி உள்ள புட்டி. ஹனாவின் படங்கள் பென் டிரைவில் (நான்).

அடுத்த வீட்டு சுலைமான் காக்கா பெருநாள் லீவு முடிந்து ஞாயிறு வளைகுடாவுக்குத் திரும்புகிறார். பார்சலை அங்கே நவாஸ் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ந. இருக்கும் கேம்பில் நெட் என்பது பெயருக்கு. வீடியோ அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். ஹனா வயிற்றில் இருக்கும்போது போனவர். பெற்ற பிள்ளையை இதுவரை துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறார். ஒரு கண், கொஞ்சம் கன்னம், அப்புறம் உறைந்துபோன திரை. அதனால் பிறந்தது முதல் எடுத்த படம், வீடியோ எல்லாம் பென் டிரைவில் ஏற்றி, வற்றலோடு.

போனில் இடமில்லாமல் போன மாதமே எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றி, போனில் அழித்துவிட்டேன். ஆக, இருப்பது அங்கே மட்டும்.

ஏற்ற உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் தவழ்கிறது. ஹனா அதைவிட வேகம். வேகமாக்க என்ன வழி என்று தேடினேன். ஒரு பக்கம் திறந்தது, நடுவில் பெரிய பச்சைப் பொத்தான். பிள்ளை இடுப்பில், ஒரு கை மவுஸில். அமுக்கிவிட்டேன். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள்!

வந்து இறங்கியது ஒரு துப்புரவு சாஃப்ட்வேர். மூலையில் மஞ்சள் வாரியல் (துடைப்பம்) படம். வீடு முழுக்கக் குப்பை என்பதுபோல் சிவப்பு எழுத்தில் மிரட்டல். மிரட்டும்போதெல்லாம் 'டிங்' என்று ஒரு சத்தம். ஹனா தூக்கத்தில் துள்ளுகிறாள்.

மக்ரிப் தொழுகை கழிந்து ஹனா பொரி டப்பாவைக் கவிழ்த்தாள். நான் நிஜ வாரியலை எடுத்தேன். அடுக்களையிலிருந்து மாமி (ந.வின் உம்மா), "அந்திக்கு வாராத மக்கா. பரக்கத்து போயிரும். காலம்பற பாத்துக்கிடலாம்."

"எறும்பு வரும் மாமி."

"அதுவும் தின்னுட்டுப் போட்டும்."

காலால் சுவர் ஓரம் தள்ளிவைத்தேன். வீட்டுச் செழிப்பெல்லாம் பொரித் தூளில்தானாம். எரிச்சல்.

11 ஜூன், புதன்

எறும்பு வந்தது.

காலையில் முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் வாரியலை நீக்கினேன். லேசில் போகவில்லை. அழுகிற முகம் ஒன்று வந்து நிஜமாகவே வேண்டாமா என்கிறது. 'வைத்துக்கொள்' பெரிதாகப் பச்சையில். 'நீக்கு' அடியில் சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு. தேடிப் பிடித்து அமுக்கினேன். போயிற்று. கொஞ்சம் பெருமை. யாரிடம் சொல்ல?

மத்தியானம் ஹனாவுக்குச் சோறு ஊட்ட பூனை வீடியோ வைக்கப் போனால், மூலையில் மஞ்சள் வாரியல்.

நீக்கினேனா, நீக்கியதாக நினைத்துக்கொண்டேனா? கேஸை அணைத்துவிட்டுப் படுத்து, எழுந்து, மறுபடி போய்க் குமிழைத் தொட்டுப் பார்க்கிற ஆள் நான். என் ஞாபகத்தை எனக்கே நம்பிக்கையில்லை. மறுபடி நீக்கினேன். சாயங்காலத்துக்குள் மறுபடி வந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் சபீதா மைனி, சுலைமான் காக்கா வீட்டுக்காரி: "பார்சல் கொஞ்சமா கெட்டு கேட்டியா? ஊரே கொண்டு தருது. அவிய உடுக்க ஒரு சட்டை வைக்கண்டாமா?"

ஹனாவுக்கு லேசாக மூக்கு ஒழுகல். நெற்றி சூடா, என் கை குளிரா?

12 ஜூன், வியாழன்

அதே கதை. காலையில் நீக்கம், மதியம் ஆஜர்.

கூடப் படித்த ஜெபாவுக்குச் செய்தி போட்டேன். மார்த்தாண்டத்தில் பஸ்ஸுக்கு நின்றபடி பேசி அனுப்பியிருக்கிறாள். பின்னால் கண்டக்டர் கத்தல்.

"ஏட்டி, அது போனாலும் வால விட்டுட்டுத்தான் போவும். அந்த வாலு வந்து திரும்ப ஏத்தட்டான்னு கேக்கும். யாராவது சரின்னு அமுக்குனாதான் ஏறும். டாஸ்க் ஷெட்யூலர்ல போய் வால அறு. கார்டு நம்பர் கேட்டா குடுத்திராத. நீ குடுப்ப, ஒன்ன எனக்குத் தெரியும்."

யாராவது என்றால்? நான்தான். வேறு யார் தொடுகிறார்கள்? தூக்கக் கலக்கத்தில் அமுக்கிவிடுகிறேனா?

இன்னொரு விசித்திரம். பகலில்தான் இது முளைக்கிறது. மக்ரிபுக்குப் பிறகு திரையில் கேள்வி கேட்ட பெட்டி கேட்டபடியே கிடக்கிறது. இருட்டினால் வளராத ஜந்து.

வாலை அறுக்க உட்கார்ந்தேன். ஹனா அழுகை. எழுந்தேன். உட்கார்ந்தேன். அழுகை. இரவு இஷாவுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது திரையில் குப்பைத்தொட்டிப் படத்தோடு ஒரு பெட்டி காத்து நின்றது. வாசிக்கவில்லை. எக்ஸை அமுக்கிக் கம்ப்யூட்டரையும் அணைத்தேன். எரிந்து வந்தது.

படங்கள் இன்னும் ஏற்றவில்லை. நாளை.

13 ஜூன், வெள்ளி

எழுதக் கை வரவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

வெள்ளி ந. அழைக்கும் நாள். மாலை அசருக்குப் பிறகு ஏற்றத் தொடங்கலாமென்று ஹனாவின் படங்களைத் திறந்தேன். ஏதோ குறைவாகப் பட்டது. தூங்குகிற படம் எத்தனையோ இருந்தது. இப்போது ஒன்றே ஒன்று. குளிப்பாட்டுகிற படம், ஒன்று. குப்புற விழ முயன்று முயன்று தோற்கிற வீடியோக்கள் அத்தனையும் போய், ஒன்று.

வாரியல்தான். 'ஒரே மாதிரி இருப்பவை' என்று ஒதுக்கி, வகைக்கு ஒன்று விட்டுவிட்டு மீதியைப் பெருக்கித் தள்ளியிருக்கிறது.

ஒரே மாதிரியாம். ஒன்றில் கண் பாதி திறந்திருக்கும். ஒன்றில் உதட்டுக்கு நுனியில் பால். ஒன்றில் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால், அடுத்ததில் சிரிப்பு. சிரிப்பைத் தள்ளிவிட்டு முந்தினதை வைத்திருக்கிறது. ந. பார்க்காத மாதங்கள் எல்லாம் அதற்கு ஒரே மாதிரி.

மேலே என்ன செய்வது என்று நினைப்பதற்குள் இடி, கரண்ட் போயிற்று. போன் அடித்தது. ந.

"என்ன பிள்ள, எல்லாம் ஏத்தியாச்சா?"

"ஆ."

"கொரல் ஒருமாதிரி இருக்கே."

"மழை. கரண்ட் இல்ல."

"இஞ்ச ரூம்ல எல்லாரட்டயும் சொல்லியாச்சு, அடுத்த வெள்ளி நம்ம மோளுக்க படம்னு. லேப்டாப்பும் ஒருத்தன்ட்ட கேட்டு வச்சாச்சு." சிரித்தார். ஹனாவிடம் கொடுக்கச் சொன்னார். ஹனா போனை நக்கினாள். லைன் அறுந்தது.

இருட்டிக்கொண்டு வந்தது. மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கரண்ட் போனதும் ஒரு நிம்மதிதான். இல்லாட்டி டிங்கு டிங்குன்னு. எந்நேரமும் பச்சைய அமுக்கி அமுக்கி என் வெரலு தேஞ்சு போச்சு."

"எந்தப் பச்சை?"

"அதான், வாரியல் படம் போட்டது. சத்தம் கேட்டா பிள்ள முழிக்காளா இல்லியா? வாரட்டான்னுதானே கேக்குது, வாரிட்டுப் போட்டும்னு அமுக்குவேன். உடனே அடங்கிரும்."

என் வாயிலிருந்து வந்தது நான் இதுவரை அவரிடம் பேசாத குரல். "நீங்க எதுக்கு மாமி தொட்டிய? பிள்ளைக்க படம் எல்லாம் போச்சு. ஒங்க மொவனுக்கு அனுப்ப வச்சிருந்தது. எல்லாத்தையும் வாரிக் குடுத்திட்டியளே!"

ஹனா பயந்து அழுதாள். மக்ரிப் பாங்கு கேட்டது. மாமி எழுந்து போனார்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தொழுதுவிட்டு முசல்லா விரிப்பிலேயே வெகுநேரம் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், மெல்ல: "நேத்து ஒண்ணு வந்துது. குப்பத்தொட்டி படம் போட்டு. அத நான் அமுக்கல்ல."

"ஏன்?"

"மக்ரிப் கழிஞ்சுட்டுல்லா. அந்தி நேரத்துல குப்பைய எவளாவது வெளிய கொட்டுவாளா?"

ரீசைக்கிள் பின்! அழித்தவை போய்க் கிடக்கும் தொட்டி. காலி செய்யவா என்று கேட்ட பெட்டி அது. மாமி தொடவில்லை. ஆனால் நான் தொட்டேனே. எக்ஸைத்தான் அமுக்கினேனா? பக்கத்திலிருந்த வேறு எதையாவதா? வாசிக்கக்கூட இல்லை. கண்ணை மூடி அந்தத் திரையை நினைத்துப் பார்க்கப் பார்க்க, விரல் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்துக்குப் போயிற்று.

கரண்ட் வரவில்லை. ஈ.பி. ஆபீஸுக்கு அடித்தால் எடுக்கவில்லை. ஹனாவைத் தோளில் போட்டு ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடை. ஈரத் துணி முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

இஷாவுக்கு வெகுநேரம் கழித்து லைட் எரிந்தது. திறந்தேன். ரீசைக்கிள் பின்னில் இருக்கிறது. பாலுதடு, பாதிக்கண், சிரிப்பு, தோற்றுத் தோற்றுக் குப்புற விழுகிற வீடியோக்கள். எல்லாம்.

மாமியின் அறை வாசலில் போய் நின்றேன். "இருக்கு மாமி. போவல்ல."

"ம்." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே. "படு. காலம்பற பாத்துக்கிடலாம்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

14 ஜூன், சனி

வெயில். துணி எல்லாம் வெளியே.

படங்களை ரீசைக்கிள் பின்னிலிருந்து பழைய இடத்துக்குத் திருப்பினேன். வாரியலை நீக்கினேன், சாம்பல் எழுத்தில். ஷெட்யூலரில் வால் இருந்தது, வேறு பெயரில், அப்பாவி மாதிரி. அறுத்தேன். அணைத்து, போட்டு, அணைத்து, போட்டுப் பார்த்தேன். மூலை சுத்தம். பென் டிரைவில் ஏறத் தொடங்கிற்று, ஆமை வேகம்.

மாமி வற்றல் சட்டியை இறக்கிவிட்டு வந்து நின்றார். காலையிலிருந்து என்னிடம் இரண்டு வார்த்தைதான். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

தூங்குகிற படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"இதயெல்லாமா ஒண்ணுபோலன்னு சொல்லிச்சு? அதுக்கென்ன கண்ணு பொட்டையா? இதுல மூக்கு அவனுக்கது. இதுல உன்னப் போல உம்முன்னு இருக்கா."

"நான் உம்முன்னா இருக்கேன்?"

"நேத்து இருந்தியே."

"நேத்து அப்பிடிப் பேசியிருக்கப்படாது மாமி."

"படம் அப்பிடியே நிக்குது பாரு, அடுத்தத எடு."

15 ஜூன், ஞாயிறு

விடியலிலேயே எழுந்து பென் டிரைவை மறுபடி போட்டுப் பார்த்தேன். குப்புற விழுகிற வீடியோ ஓடுகிறது. சத்தமும் வருகிறது. எடுத்தேன். திரும்பப் போட்டுப் பார்த்தேன். மாமி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "தேஞ்சிரப் போவுது." ஹனாவுக்குச் சிறியதாகிப்போன காலுறை ஒன்றில் போட்டு முடிந்தார்.

அசருக்குப் பின் சுலைமான் காக்கா வந்தார். பார்சலைத் தூக்கிப் பார்த்து, "யாத்தே, கல்லா கெட்டியிருக்கு?" காலுறையைப் பார்த்து, "இது கனமில்ல. இத மட்டும் கொண்டு போறேன், வத்தல நீங்களே தின்னுங்க."

"நீ தின்னுறாம கொண்டு குடுத்தா போதும்," மாமி.

சிரித்தபடி காலுறையைச் சட்டைப் பையில் வைத்தார். பெட்டியில் இல்லை, பையில். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூச்சு.

பார்சலும் ஏறி, வண்டி கிளம்பிற்று. பையில்தானே வைத்தார்? பையில்தான். மாமியும் பார்த்தார்.

பார்சல் கட்டிய இடத்தில் தரை முழுக்க வற்றல் தூள், சணல், கிழிந்த அட்டை. கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் இருக்கிறது. ஹனா தூளுக்குள் தவழ்ந்து போகிறாள். நாளைக்கு எறும்பு நிச்சயம். வாரியலைக் கையில் எடுத்தேன். மக்ரிப் பாங்கு. மாமி பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். திரும்பக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்தேன்.